அப்பா கிரகத்தில் காத்துநின்ற பின்னேரம்

போன கிழமை எங்கள் வகுப்புத் தோழிகளின் வட்சப் குழுவில் ஒருத்தி தன் மகனைப் பற்றிக் குரல் செய்தி போட்டிருந்தாள். நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பெடியன் ஆசை ஆசையாய் வாங்கிய விண்வெளி விளையாட்டில் எண்ணிலடங்காத கிரகங்களாம். எதில் வேண்டுமானாலும் இறங்கலாமாம். இறங்கி ஒரு திசையில் நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் கால் நின்றுவிடுகிறதாம். இதற்கு அப்பால் போக முடியாது, கப்பலுக்குத் திரும்பவும் என்று எழுத்து வருகிறதாம். ஏமாத்திப் போட்டாங்கள் என்று அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டானாம். குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாய் விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெடியனுக்கு முன்னமே அந்த இடத்தில் முட்டிக்கொண்டவர்கள் நாங்கள், எங்கள் வீட்டு ஆக்கள்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு நாங்கள் வந்துவிட்டோம். அதனால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். நாங்கள் ஏழாம் ஆண்டு படித்த வருசம் அது. எங்கள் வீடு அப்போது பாலையூற்றில் இருந்தது. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, முற்றத்து மண்ணெல்லாம் விறாந்தைக்கு வந்து, கூட்டக் கூட்டக் குறையாத காலம். அக்கா உயர்தரம் எழுதி, அவளுக்குக் கம்பஸ் கிடைத்திருந்தது, பல்கலைக்கழகம். கொழும்புப் பக்கம், பொறியியல். எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் ஒரு பெட்டைக்கும் அது கிடைத்ததில்லை. பூசை முடிந்து வருகிற சனம் எங்கள் படலையடியில் நின்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போகும். அம்மா எல்லாருக்கும் சிரித்துக்கொண்டு பதில் சொல்லுவார். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிடுவார். ஏனென்றால் அப்பா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

அப்பா மூதூர் லாஞ்சின் சுக்கானி. துறைமுகத்து இறங்குதுறையில் சனத்தை ஏற்றி, குடாவைக் கடந்து மூதூரில் இறக்கி, அங்கிருந்து திரும்ப ஏற்றி வருவார். நெல் மூடை, மீன் பெட்டி, கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பம், ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர், எல்லாம் ஒரே லாஞ்சில் வரும். அவருடைய சேட்டில் டீசல் மணம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. நான் அந்த மணத்தில்தான் நித்திரை கொள்ளப் பழகினேன். இன்றைக்கும் எந்த ஊர்ப் பெற்றோல் நிலையத்திலாவது டீசல் மணந்தால் எனக்கு மனம் அப்பாவைத் தேடும்.

சண்டைக் காலம் அது, குடாவின் நடுவில் ஓரிடத்தில் நேவியின் காவல் படகு நிற்கும். அது கை காட்டினால்தான் லாஞ்ச் மேலே போகலாம். சில நாள் உடனே காட்டுவார்கள். சில நாள் ஏன் என்று தெரியாமல் வெயிலில் நிற்க வைப்பார்கள். அப்பா எஞ்சினைக் குறைத்துவிட்டு, சுக்கானில் கையை வைத்தபடி அப்படியே இருப்பார். சனம் புறுபுறுக்கும். ஒருவர் எழும்பி நின்று கத்துவார். அப்பா அசையமாட்டார். அவரைப்போல் பொறுக்கத் தெரிந்த சுக்கானி இல்லை என்று மூதூர் வியாபாரிகள் சொல்லுவார்கள். அது பெரிய பாராட்டு என்று நான் நினைத்திருந்தேன். பொறுக்காமல் முன்னுக்கு விட்ட ஒரு லாஞ்சில் ஒருமுறை காவல் படகிலிருந்து சூடு விழுந்தது என்பதையும், செத்தவர் அப்பாவோடு ஒன்றாய்த் தொழில் பழகியவர் என்பதையும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னார். அப்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கொம்பியூட்டரைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. வளைகுடா நாட்டில் வேலை செய்த கந்தோரில் பழசென்று கழித்த ஒன்றை, வழியெல்லாம் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். லீவு முடிந்து போகும்போது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அக்காவின் பழைய பள்ளிச் சட்டையை வெட்டி அதற்கு ஒரு உறை தைத்தார், ஓரத்தில் சுருக்கு வைத்து. முன் ஹோலில், மாதா சுரூபம் வைத்த அலுமாரிக்குப் பக்கத்தில் அது குடியேறியது. கண்ணாடித் திரையில் கையை வைத்தால் மயிர் சிலிர்க்கும். மவுசுக்குள்ளே ஒரு றப்பர்க் குண்டு. அதைக் கழற்றித் துடைக்கிற வேலை என்னுடையது. வேறு எதையும் தொட எனக்கு அனுமதி இல்லை.

மாமா விட்டுப்போன சீடித் தட்டுகளில் ஒன்றுதான் அந்த விளையாட்டு. தட்டின் உறை தொலைந்துபோனதால் பெயர் தெரியாது. நாங்கள் 'கிரகம்' என்போம். ஒரு சின்னக் கப்பலில் நட்சத்திரங்களுக்கு நடுவே போகலாம். பிடித்த கிரகத்தில் இறங்கலாம். கப்பலின் கதவு திறக்கும், வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி வெளியே வருவாள், பிறகு நடக்கலாம். அவள் நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான் விளையாட்டு. சண்டை கிடையாது, கொள்ளை கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். எங்களுக்கோ ஆரும் மறிக்காமல், ஆர் நீ எங்க போறாய் என்று கேட்காமல் ஒருத்தி தன்பாட்டில் நடந்துபோவதைப் பார்ப்பதே புதினமாக இருந்தது. அம்மாகூடக் குசினியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்ப்பார்.

"தனியவே போறாள்?" என்று முதல்நாள் கேட்டார்.

"ஓம் அம்மா."

"பயமில்லையோ அவளுக்கு?"

அக்கா விசையை அழுத்தியபடி இருந்தாள். அவளுடைய கண் திரையிலேயே இருந்தது.

மண்ணிறக் கிரகம் ஒன்று எங்களுக்குப் பிடித்துப்போனது. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு அப்பால் ஒரு மலை. ஒரு பக்கம் சரிந்து, மற்றப் பக்கம் குத்தாக இறங்கி, நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ளே சூரியன் விழும்போது திரை முழுக்கச் செம்மஞ்சளாகும், எங்கள் ஹோலின் சுவரும் அந்த நிறத்துக்கு மாறும். அக்கா அந்த மலையைப் பார்த்து நடந்தாள். ஏரிக்கரையால் சுற்றி, மேடு ஏறி, இறங்கி, போய்க்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் முக்காலியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெள்ளைச் சட்டைக்காரி நின்றுவிட்டாள். சத்தம் மட்டும் கேட்கிறது, சரக் சரக் என்று. ஆள் நகரவில்லை. ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. அக்கா வாசித்துச் சொன்னாள்.

இதற்கு அப்பால் செல்ல முடியாது. கப்பலுக்குத் திரும்பவும்.

எங்களில் ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. அதுதான் இன்று நினைக்க எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் இருக்கிறது. அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு அதற்குமேல் நிலம் வரைய ஏலவில்லை, வரைந்தது அவ்வளவுதான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரைப்போல் அங்கேயும் பாதுகாப்பு வலயம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

"பாஸ் எடுக்கோணும்போல," என்றேன் நான்.

"ஓம்," என்றாள் அக்கா. உயர்தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள்.

அவள் கப்பலில் ஏறி, விண்வெளியில் இருக்கிற ஒரு நிலையத்துக்குப் போய், அங்கே அறை அறையாகத் தேடினாள், அனுமதி கொடுக்கிற கந்தோர் எங்கே என்று. அங்கே எரிபொருள் விற்பார்கள், கல் வாங்குவார்கள், அவ்வளவுதான். ஒருவரும் பாஸ் தருவதாயில்லை. அன்றைக்குப் பின்னேரம் அப்பா வேலையால் வந்து, சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். ஏரியைப் பார்த்தார்.

"நல்ல துறை," என்றார். "மூண்டு பக்கமும் மறைவு. கச்சான் அடிச்சாலும் உள்ளுக்குத் தண்ணி அசையாது."

எல்லையைப் பற்றி அக்கா சொன்னதும், "எந்த நேரம் போனனீ?" என்று கேட்டார்.

"நேரமோ?"

"காலமை மறிப்பினம், பின்னேரம் விடுவினம். ஒரே நேரத்தில போய் முட்டிக்கொண்டு நிண்டால் சரிவராது."

அதற்குப் பிறகு அக்கா அந்தக் கிரகத்தின் விடியலில் ஒருக்கா, மத்தியானத்தில் ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா என்று போய்ப் பார்த்தாள். எந்த நேரமும் அதே எழுத்துத்தான்.

கம்பஸ் கதை வீட்டில் வெடித்தது ஒரு இரவுச் சாப்பாட்டில். ஆவணி முடிவதற்குள் நேரில் போய்ப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அக்கா அதைப் பல நாளாக மெதுமெதுவாகச் சொல்லிவந்தாள். அன்றைக்கு நேராகவே கேட்டாள்.

"அப்பா, நான் போறதோ இல்லையோ?"

அப்பா சோற்றைக் குழைத்தபடி இருந்தார். "ஆர் இல்லையெண்டது. இப்ப வேண்டாம். அங்க பொலிஸ் பதிவு, சோதனை, எந்த நேரம் ஆரைக் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு தெரியாது. நிலைமை கொஞ்சம் சரிவரட்டும். பொறு."

"பொறுத்தால் இடம் போயிடும்."

"போனால் திரும்பி வரும். திறக்காத பாதை எண்டு ஒண்டு இல்லை, பிள்ளை. பொறுக்கிற ஆள்தான் இல்லை."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பொறுக்கிறதுதான்," என்றாள் அக்கா. அவள் அப்பாவிடம் அப்படிக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. அம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார், அங்கே ஒரு வேலையும் இல்லாமலே.

அப்பா கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, திரையில் நின்ற அந்த மலையைக் காட்டினார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அல்லது, ஓம் என்று சொல்ல ஒரு சாட்டுத் தேடினாரோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"அந்த மலையடிக்கு நீ போய்க் காட்டு. பிறகு கொழும்புக் கதையை எடுப்பம்."

அக்கா அதை விளையாட்டாக எடுக்கவில்லை. அடுத்த நாள் தொடங்கி அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரியை எல்லையில் முட்டவிட்டு, அங்கிருந்து அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே ஓரமாக நடத்தினாள். கண்ணுக்குத் தெரியாத சுவர். ஒரு மூலை வந்தது. திரும்பினாள். பிறகு இன்னொரு மூலை. வீட்டு வளவைச் சுற்றி வருவதுபோல் சுற்றி வந்து, தொடங்கின இடத்தில் நின்றாள். ஒரு இடைவெளி இல்லை, ஓட்டை இல்லை. ஏரிக்குள் இறக்கிப் பார்த்தாள். தண்ணீருக்குள்ளும் சுவர். மேட்டிலிருந்து குதிக்க வைத்தாள். அந்தரத்திலும் சுவர். வெளியே கச்சான் ஊளையிட்டு, ஓட்டுக்கு மேல் மண் சொரியும். உள்ளே அவள் வேர்த்து ஒழுகி, முடியைக் கொண்டையாய்ச் செருகிக்கொண்டு, விசிறியைக்கூடப் போடாமல் இருப்பாள், மின்சாரம் கூடிவிடும் என்று. அம்மா தேசிக்காய்த் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

"அந்தப் பிள்ளைக்குக் களைக்காதோ?" என்று ஒருநாள் கேட்டார். வெள்ளைச் சட்டைக்காரியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா வேறு மாதிரி யோசித்தாள். சுவரை நடந்து கடக்க ஏலாது. சரி. கப்பலில் ஏறி மேலே போய், மலை இருக்கிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இறங்கினால் என்ன. இறங்கினாள். கதவு திறந்தது. நான் முக்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். புது நிலம். முன்பு எல்லை இருந்த இடத்துக்கு அப்பால். நடந்தால் நடக்கிறது, ஒருவரும் மறிக்கவில்லை. ஆனால் மலை இல்லை. ஏரியும் இல்லை. வெறும் கல்லும் மண்ணும்தான். அக்கா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். இன்னும் தள்ளி இறங்கினாள். அங்கே வேறு மேடுகள், வேறு பள்ளங்கள். கடைசியில் கதிரையில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விளங்கிட்டுது," என்றாள். "எல்லை எண்டு அங்க ஒண்டும் இல்லையடி. நாங்கள் எங்க இறங்கினமோ, எங்களைச் சுத்தித்தான் அது கோடு போடுது. வேற இடத்தில இறங்கினால் வேற கோடு."

"அப்ப மலை?"

"மலை வெறும் படம். தூரத்தில நிண்டு பாக்கத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மலையடி இல்லையென்றால் கொழும்பும் இல்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். வேறு ஏதாவது மலைக்குக் கிட்ட இறங்கி, இதுதான் அது என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டால் என்ன. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பாவுக்கோ? மலையைப் பாத்துத்தான் அவர் இவ்வளவு காலமும் லாஞ்ச் ஓட்டுறார்."

உண்மைதான். பனிமூட்டத்தில் ஒரு மலையின் முதுகு கொஞ்சம் தெரிந்தால் போதும், லாஞ்ச் எங்கே நிற்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். அவருக்கு மலையை மாற்றிக் காட்ட ஏலாது. அதுவுமில்லாமல் அக்காவுக்குப் பொய் வராது. வந்திருந்தால் அவளுடைய சீவியம் எத்தனையோ இடத்தில் சுகமாயிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லாஞ்ச் ஓடாது. பூசையால் வந்து, சாரம் மாற்றி, அப்பா விறாந்தையில் இருந்தார். அக்கா போய்க் கூப்பிட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். மலையடிக்குப் போக ஏலாது, அப்படி ஒன்று இல்லை, ஆனால் வேறு எங்கே வேண்டுமானாலும் போய் இறங்கலாம் என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்தார்.

"நீ அவசரப்பட்டுட்டாய்," என்றார். "கொண்டுபோய் அதில நிப்பாட்டு. நான் நிக்கிறன்."

"அப்பா, அங்க ஒரு ஆளும் இல்லை. ஆர் திறக்கிறது?"

"ஆள் தெரியாமல்தான் இருப்பினம். இஞ்சயும் அப்பிடித்தானே. நாங்கள் பொறுமையா நிக்கிறதை அவை பாக்கோணும். அவசரமில்லாத ஆள் எண்டு தெரிஞ்சால் விடுவினம். நீ போய்ச் சாப்பிடு."

அக்கா வெள்ளைச் சட்டைக்காரியை எல்லையோரம், மலையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு எழும்பினாள். அப்பா கதிரையில் இருந்தார். கையை மேசையில் வைத்தார், சுக்கானில் வைப்பதுபோல. நாங்கள் குசினியில் சாப்பிட்டோம். முதலில் அம்மா சிரித்தார். "உவர் ஆருக்குக் காவல்?" என்றார். நானும் சிரித்தேன். அப்பாவுக்குச் சோறு போட்டுக் கொண்டுபோனேன், அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சாப்பிட்டார். தட்டை எடுக்கப் போனபோது சிரிப்பு எனக்கு நின்றுவிட்டது.

அந்தக் கிரகத்தில் பகல் சின்னது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அங்கே பொழுதுபட்டு, மலை கறுத்து, நட்சத்திரம் வந்து, மறுபடி விடிந்துவிடும். அப்பா அந்த விடியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் அம்புக்குறி உள்ள விசையை ஒருக்கா அழுத்துவார், எஞ்சினைத் தட்டிப் பார்ப்பதுபோல. சரக் சரக் என்று கேட்கும். எழுத்து வரும். அவருக்கு அதை வாசிக்கத் தேவையில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி இருப்பார். அக்கா கதவுநிலையில் சாய்ந்துகொண்டு அவருடைய முதுகையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய வருசமும், படிப்பும், எல்லாமும் அந்த முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றன. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார், அது ஆறிப்போனது. இன்னொன்று கொண்டுவந்தார்.

வெளியே நிழல் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போன நேரம், அப்பா திரும்பாமலே கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ செய்த மாதிரியைக் காட்டு பாப்பம்."

அக்கா வந்து குனிந்து, வெள்ளைச் சட்டைக்காரியைக் கப்பலுக்குக் கொண்டுபோய், மேலே கிளப்பி, தள்ளி இறக்கினாள். வெறுங்காணி. நடக்க நடக்கப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா நன்றாகக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அந்தத் துறை எங்க?"

"இல்லை அப்பா. அது அந்த இடத்தில இறங்கினால் மட்டும்தான்."

"திரும்பி அங்கயே போய் இறங்கினால்?"

"நானும் செய்து பாத்தனான். கிட்டத்தட்ட அதே மாதிரி வருது. ஏரி வரும், மலையும் வரும். ஆனால் அதே இடம் இல்லை. சாடையா மாறியிருக்கும்."

"காட்டு."

காட்டினாள். ஏரி வந்தது, மலை வந்தது. எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அப்பா பார்த்த உடனே தலையை ஆட்டினார். "ஓம். வெட்டு இந்தப் பக்கம் தள்ளிப்போச்சு." பிறகு எழும்பினார். கன நேரம் இருந்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார், தோளில் கிடந்த துவாயை நனைத்துப் பிழிந்து, பிறகும் நனைத்துப் பிழிந்தார். எனக்கு அந்த வயதில் அது விளங்கவில்லை. வெக்கை என்று நினைத்தேன்.

அன்றிரவு எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிட இருந்தோம். அப்பாதான் கதைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சது பொறுக்கிறதுதான். அது எல்லா இடத்துக்கும் சரிவராதுபோல." தட்டைப் பார்த்தபடி கேட்டார், "எண்டைக்குப் போய்ப் பதியோணும்?"

அம்மாவின் சோறு போடுகிற கை அப்படியே நின்றது. அக்கா எழும்பிப்போய்க் கம்பஸ் கடிதத்தை எடுத்து வந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்தக் கொம்பியூட்டர் பிறகு ஒரு மாரியில் மழைத்தண்ணி இறங்கிச் செத்துப்போனது. விளையாட்டுத் தட்டைக் கீறல் தின்றுவிட்டது. சுருக்கு வைத்த உறை மட்டும் கனகாலம் மாச் சல்லடைக்கு மூடியாகக் கிடந்து, அதுவும் எங்கே போனதென்று தெரியாது. லாஞ்சும் இல்லை, பாலம் பாலமாய்ப் போட்டு இப்போது மூதூருக்குப் பஸ்ஸில் போகிறார்கள். அப்பா போய்ச் சேர்ந்து வருசங்களாகின்றன. அக்கா கம்பஸ் முடித்து, வேலையென்று கடல் கடந்து, குளிர் நாடொன்றில் வீடு வாங்கிவிட்டாள். இடைக்கிடை வருவாள். வந்தால் குசினியில் நின்று, "சீனி எதுக்குள்ள வச்சிருக்கிறியள்?" என்று கேட்பாள். அம்மா எழும்பிப்போய் எடுத்துக் கொடுப்பார். அக்காவுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கோ ஒரு விருந்தாளி கேட்பதுபோல் இருக்கும். அவள் எனக்குப் பக்கத்தில் இருக்கும்போதே எனக்கு அவளைத் தேடும். அந்த முக்காலியில் இருந்து பார்த்த, வேர்த்து ஒழுகிய, முடியைச் செருகிய அக்காவைத் தேடும். இதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அவள் போன நாளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். காலமை பஸ்நிலையத்தில், எங்கள் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத் தோலுக்காக அவளுடைய பையை மணந்துகொண்டு நின்றது, அவள் அதைத் துரத்தவில்லை. அதே கம்பஸுக்குப் போகிற இன்னொரு பெட்டையும் அவளுடைய தகப்பனும் கூடப் போனார்கள். அம்மா வீட்டில் நின்றுவிட்டார், படலையைத் தாண்டினால் தன்னால் ஏலாது என்று. அப்பாவும் நானும் ஊருக்கு வெளியே இருந்த கப்பல்துறைச் சோதனைச்சாவடிவரை போக டிக்கெட் எடுத்தோம். அதற்கு அப்பால் போக அப்பாவிடம் பாஸ் இல்லை. அங்கே எல்லாரையும் இறக்கினார்கள். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு கம்பிவேலிக்கு நடுவே வரிசையாக நடந்துபோய் அந்தப் பக்கம் பஸ்ஸில் ஏற வேண்டும். அக்காவின் பையை அப்பா வேலி தொடங்கும் இடம்வரை தூக்கி வந்தார். அவளிடம் கொடுத்தார். தலையில் சிலுவை போட்டுவிட்டார். அக்கா நடந்தாள். நடுவில் ஒருக்கா திரும்பப் பார்த்தாள், பின்னால் வந்த சனம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பஸ் கிளம்பிக் கச்சான் புழுதிக்குள் மறையும்வரை நாங்கள் வேலியோரம் நின்றோம்.

திரும்பிப் போகிற பஸ் வரவில்லை. அப்பா நடக்கத் தொடங்கினார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

"அக்கா எப்ப திரும்பி வருவா, அப்பா?"

"லீவுக்கு வருவாள்."

கொஞ்சத் தூரம் போனோம். பிறகு அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது.

"ஆனால் திரும்பி வந்து இறங்கேக்க அது இந்த இடமா இராது. அவளுக்கு அது இப்ப தெரியாது. எனக்கு அந்த மலையைப் பாத்த ஞாயிற்றுக்கிழமையே விளங்கிட்டுது."

தெரிந்துகொண்டுதான் அவர் அவளை அனுப்பினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தண்ணி விடாய்க்குது என்றேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடை இருக்கிற பக்கமாகத் திரும்பினார்.